பிள்ளைகளுக்கு ஒரு நாட்டைக் காட்டுவோம்: போர்த்துக்கல்

ஐரோப்பிய நாடுகளின் பெயர்களையும் தலைநகரங்களையும் நம் பிள்ளைகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துவிடுகின்றனர். அவர்கள்மீது குற்றமில்லை. பெயரும் தலைநகரும் மட்டும் தெரிந்த ஒரு நாட்டோடு எவராலும் உறவுகொள்ள இயலாது. அங்கே என்ன விளைகிறது, மக்கள் எதை உண்கின்றனர், எந்தப் புனிதருக்கு விழா எடுக்கின்றனர், எந்தத் துன்பத்தைக் கடந்து வந்தனர், பிறருக்கு எந்தத் தீங்கைச் செய்தனர் என்பனவெல்லாம் தெரியும்போதுதான் ஒரு நாடு பிள்ளையின் நெஞ்சில் இடம்பெறும்.

ஆகவே, விடுமுறைக் காலத்தில் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். மாலைச் செபம் முடிந்தபின் நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். அந்த நாடு போர்த்துக்கல்லாக இருக்கட்டும் என்போம். அது சிறிய நாடு என்பது ஒரு காரணம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அது கடல் கடந்து நம் கரைக்கு வந்து, நம் வீட்டினுள்ளும் புகுந்துவிட்டது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம்

"ஜன்னலைச் சாத்து, சாவியை எடுத்து அலமாரியைத் திற, துவாலையை எடுத்து மேசைமேல் வை" என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சொன்னதைச் செய்து முடித்தபின், "இப்போது நீ போர்த்துக்கீசியச் சொற்கள் ஐந்தைக் கேட்டாய்" என்று சொல்லுங்கள். ஜன்னல், சாவி, அலமாரி, துவாலை, மேசை ஆகிய ஐந்தும் அம்மொழியிலிருந்து நமக்கு வந்தவை. சட்டையின் பொத்தானும் அவ்வாறு வந்ததே. நம் ஊர் எல்லையில் நிற்கும் குருசடியின் 'குருசு' என்பதும் அவர்கள் சொல்லே. சாளரம், பலகணி என்னும் பழந்தமிழ்ச் சொற்கள் நம்மிடம் இருக்கவே, இப்புதிய சொற்கள் கடலோர ஊர்களில் இறங்கி நாடெங்கும் பரவின.

அடுத்துச் சமையலறைக்கு அழைத்துச் செல்லுங்கள். மிளகாய் இல்லாத குழம்பை நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா? ஆயினும் 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் நம் முன்னோர் மிளகாயைக் கண்டதில்லை. அவர்கள் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அதனைப் போர்த்துக்கீசியரின் கப்பல்களே இங்குக் கொண்டுவந்தன. மிளகைத் தேடி வந்தவர்கள் மிளகாயைக் கொடுத்துச் சென்றனர் என்று சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். அன்னாசி, பப்பாளி, கொய்யா, முந்திரி ஆகியவையும் அதே கடல்வழியே வந்தவையே.

வரைபடத்தை விரிப்போம்

இனி, இவற்றை அனுப்பிய நாடு எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளே தேடட்டும். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் ஐபீரியத் தீபகற்பம் உள்ளது. அதன் பெரும்பகுதி ஸ்பெயின். மேற்கு ஓரத்தில் நீண்ட பட்டைபோல் கிடப்பது போர்த்துக்கல். வடக்கிலும் கிழக்கிலும் ஸ்பெயின். மேற்கிலும் தெற்கிலும் அட்லாண்டிக் பெருங்கடல். நிலத்தின்வழியே எத்திசையில் சென்றாலும் ஸ்பெயின் நாட்டுக்குத்தான் போக முடியும்; வேறு நாடு காண வேண்டுமாயின் கடலில்தான் இறங்க வேண்டும். இந்நாட்டின் வரலாற்றில் பாதியை இவ்வொரு செய்தியே விளக்கிவிடும்.

இதன் பரப்பு ஏறத்தாழ 92,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்போ ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஒரு கோடியைச் சற்றுத் தாண்டும். வடக்கே மலையும் மழையும் மிகுதி. தெற்கே அலென்தேஜு என்னும் வறண்ட சமவெளி. ஸ்பெயினில் பிறந்து வரும் டேகஸ் ஆறு நாட்டின் நடுவே ஓடி, தலைநகராகிய லிஸ்பன் அருகே கடலில் கலக்கிறது. வடக்கே டோரோ ஆறு போர்த்தோ நகரின் அருகே கடலை அடைகிறது. லிஸ்பனுக்கு மேற்கே உள்ள ரோக்கா முனை ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி. கடலுக்குள் வெகு தொலைவில் அசோர்ஸ், மதெய்ரா என்னும் தீவுக்கூட்டங்களும் இந்நாட்டுக்கு உரியவை. கால்பந்தில் ஈடுபாடுள்ள பிள்ளைகளுக்கு, கிறிஸ்டியானோ ரொனால்டோ பிறந்த ஊர் மதெய்ராத் தீவிலுள்ள ஃபுன்ஷால் என்று சொன்னால் போதும். அத்தீவை அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.

மரமும் மீனும் பாட்டும்

அலென்தேஜுச் சமவெளியில் தக்கை மரங்கள் நிற்கின்றன. புட்டியின் வாயை அடைக்கும் தக்கை இம்மரத்தின் பட்டையே. உலகில் உண்டாகும் தக்கையில் ஏறத்தாழ பாதி போர்த்துக்கல்லிலிருந்து வருகிறது. மரத்தை நட்டால் முதற்பட்டை உரிக்க ஏறத்தாழ 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் உரிக்கலாம். மூன்றாம் முறை உரித்த பட்டையே நல்ல தக்கைக்கு உதவும். எனவே நட்டவர் தம் முதுமையிலேயே பயனைக் காண்பார். பெரும்பயன் பேரப் பிள்ளைகளுக்கே. பட்டை உரித்த மரத்தில், உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளை வண்ணத்தால் எழுதிவைக்கின்றனர். அடுத்த முறை எப்போது என்பதை அவ்வெண்ணே சொல்லிவிடும். மரம் வெட்டப்படுவதில்லை, பட்டை மீண்டும் வளர்கிறது.

அந்நாட்டுச் சுவர்களில் நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகளைக் காணலாம். இக்கலையின் பெயரே அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. 711-ஆம் ஆண்டுக்குப்பின் பல நூற்றாண்டுகள் முஸ்லிம் அரசர்கள் அந்நிலத்தை ஆண்டதன் நினைவு அது. போர்த்தோ நகரின் இரயில் நிலையச் சுவரில் ஏறத்தாழ 20,000 ஓடுகளால் நாட்டின் வரலாற்றையே தீட்டியுள்ளனர்.

உணவைப் பற்றிக் கேட்டால், நம் கடலோர மக்கள் புன்னகை செய்வர். போர்த்துக்கீசியரின் தலையாய உணவு கருவாடு! காட் என்னும் மீனை உப்பிட்டு உலர்த்திச் சமைக்கின்றனர். கிறிஸ்து பிறப்பின் முந்தின இரவு விருந்தில் அதுவே முதலிடம் பெறும். வியப்பு யாதெனில், அம்மீன் அவர்கள் கடலில் கிடைப்பதன்று. அட்லாண்டிக் கடலைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துவரை சென்று அதனைப் பிடித்து வந்தனர். அவ்வாறு சென்ற மீனவர் பலர் திரும்பவில்லை. பிரிவையும் ஏக்கத்தையும் பாடும் ஃபாடோ என்னும் இசை லிஸ்பனின் எளிய தெருக்களில் வளர்ந்தது. 2011-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

லிஸ்பனின் மாபெரும் திருவிழா எவருடையது என்று பிள்ளைகளிடம் வினவுங்கள். நாம் 'பதுவைப் பதியர்' என்று போற்றும் புனித அந்தோணியாருடைய திருவிழாவே அது. அவர் இத்தாலியிலுள்ள பதுவை நகருக்கு அருகே 1231-இல் இறந்தார். பிறந்ததோ 1195-இல் லிஸ்பனில். ஜூன் 12-ஆம் நாள் இரவு லிஸ்பன் தெருக்களில் மத்தி மீன் சுடும் புகை எழும். துளசி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியைத் தொட்டியோடு அன்பர்களுக்கு அளிப்பார்கள்.

கடலில் இறங்கிய நாடு

1139-ஆம் ஆண்டு அஃபோன்சோ என்னும் பிரபு தம்மை அரசர் என அறிவித்தார். 1179-இல் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் அவ்வரசை ஏற்றார். 1297-இல் ஸ்பெயின் பகுதியோடு வகுத்த எல்லை ஏறத்தாழ அப்படியே இன்றும் நிற்கிறது. ஐரோப்பாவின் மிகப் பழைய எல்லைகளுள் ஒன்று அது.

15-ஆம் நூற்றாண்டில் இளவரசர் என்றிக்கேயின் ஆதரவால் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையோரமாய்த் தெற்கே சென்றன. 1488-இல் பர்த்தலோமேயு டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்தார். 1497 ஜூலையில் வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, 1498 மே 20-ஆம் நாள் கோழிக்கோடு அருகே நங்கூரமிட்டார். உடன்வந்தோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நோயாலும் பசியாலும் மாண்டனர்; அவ்வளவு கடுமையான பயணம் அது.

அவர்கள் துணிவைப் பிள்ளைகள் வியக்கட்டும். ஆனால் "இந்தியாவைக் கண்டுபிடித்தார்" என்னும் தொடர் வரும்போது சற்று நிறுத்துவோம். ஆப்பிரிக்காவின் கீழைக்கரையிலுள்ள மலிந்தித் துறைமுகத்தில் அமர்த்திக்கொண்ட, பருவக்காற்றின் போக்கறிந்த மாலுமி ஒருவரே காமாவை நம் கரைக்கு அழைத்து வந்தார். அரபியரும் குஜராத்தியரும் தமிழரும் மலையாளிகளும் நெடுங்காலமாக ஓட்டிவந்த கடல் அது. ஐரோப்பியருக்குப் புதிதாயிருந்தது உலகுக்கே புதிதாயிராது என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே அறிவது நன்று.

மறைக்காமல் சொல்வோம்

இங்கே பெற்றோராகிய நமக்கு ஒரு சோதனை வருகிறது. முத்துக்குளித்துறையில் 1530-களில் நம் முன்னோர் பலர் திருமுழுக்குப் பெற்றது போர்த்துக்கீசியரின் பாதுகாப்பின் கீழ். நம் குடும்பங்கள் சிலவற்றின் பெயர்களே பெர்னாந்து, மோத்தா, ரொட்ரிகோ என அவர்கள் வழி வந்தவை. ஆகவே அவர்கள் செய்த தீமைகளைச் சொல்லாமல் விட்டுவிட நாவு விழையும். விட்டுவிடலாகாது.

1444-ஆம் ஆண்டு ஆகஸ்டில், போர்த்துக்கல்லின் தெற்கிலுள்ள லாகோஸ் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட 235 பேரை இறக்கிப் பங்கிட்டனர். தாயிடமிருந்து பிள்ளையையும் கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்த அக்காட்சியை, அரசவையின் வரலாற்றாசிரியர் சுராராவே எழுதிவைத்துள்ளார். இளவரசர் என்றிக்கே குதிரைமேல் அமர்ந்து தம் பங்கைப் பெற்றார். அன்று தொடங்கிய வாணிகம் பெருகியது. அட்லாண்டிக் கடலில் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களுள் மிகப் பெருந்தொகையினரைச் சுமந்தவை போர்த்துக்கல், பிரேசில் நாடுகளின் கப்பல்களே.

1502-ஆம் ஆண்டு இரண்டாம் முறை வந்த காமா, மக்காவிலிருந்து திரும்பிய பயணிகளின் கப்பலைக் கொளுத்தினார். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் அதில் மாண்டனர். 1560-இல் கோவாவில் நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றம், இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1812 வரை மக்களை வருத்தியது. அது திருச்சபையின் பெயரால் நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவற்றைச் சொன்னால் பிள்ளைகளின் விசுவாசம் குலையுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. அக்காலத்திலேயே மனச்சான்று உறங்காதவர் இருந்தனர். போர்த்துக்கல் மன்னரால் அனுப்பப்பெற்று 1542-இல் கோவா வந்த புனித சவேரியார், முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசிய அதிகாரிகள் எளிய மக்களைத் துன்புறுத்தியதைத் தம் கடிதங்களில் வன்மையாகக் கண்டித்தார். நம் பிள்ளைகள் நாளை இத்தகைய உண்மைகளை வேறெவரிடமோ கேட்டறிந்து, "இதை ஏன் எங்களிடம் மறைத்தீர்கள்?" என்று வினவுவதைக் காட்டிலும், இன்று நம் வாயால் கேட்பதே மேலானது.

தமிழுக்கு வந்த மனிதர்

அலென்தேஜுவில் விலா விசோசா என்றொரு சிற்றூர் உண்டு. வரைபடத்தில் அதற்கு ஒரு வட்டமிடச் சொல்லுங்கள். 1580 முதல் 1640 வரை போர்த்துக்கல் ஸ்பெயின் மன்னரின் கீழ் இருந்தது. அதை மீட்ட நான்காம் ஜான் மன்னர் பிறந்த ஊர் இதுவே. அவர் 1646-இல் தம் முடியை இவ்வூர் அமல உற்பவ அன்னைக்குச் சூட்டினார். அதன்பின் அந்நாட்டு மன்னர் எவரும் தலையில் முடி தரித்ததில்லை.

அதே ஊரில் 1520-இல் பிறந்தவர் அன்றிக்கே அடிகளார். அவர் யூத மரபில் வந்தவர். போர்த்துக்கல் 1497-இல் யூதரைக் கட்டாயமாக மதம் மாற்றியது. 1506-இல் லிஸ்பனில் அவ்வாறு மாறியவர்கள் திரளாகக் கொல்லப்பட்டனர். பிறப்பின் காரணமாகவே அடிகளார் முதலில் சேர்ந்த பிரான்சிஸ்கன் சபையில் நீடிக்க இயலவில்லை. பின் சேசு சபையில் சேர்ந்து முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழை ஆழக் கற்றார். தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவரது 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. சொந்த நாட்டில் பிறப்பால் இழிவுற்ற ஒருவரிடமிருந்து நம் மொழி அப்பேற்றைப் பெற்றது. சாதியின் பெயரால் எவரையேனும் தாழ்வாக எண்ணப் பழகும் பிள்ளைக்கு இச்செய்தியைவிட நல்ல பாடம் வேறில்லை.

அதற்கும் முன்னே, 1554-இல், தமிழ்ச் செபங்களடங்கிய சிறு நூலொன்று லிஸ்பன் நகரிலேயே உரோமை எழுத்துகளில் அச்சிடப்பட்டது. அதனை ஆக்கியவர்களுள் வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா த குருசு ஆகிய மூன்று தமிழர்கள் இருந்தனர். நம்மவர்களும் அங்கே சென்றனர் என்பதற்கு அந்நூல் சான்று. பின்னாளில் லிஸ்பனில் 1647-இல் பிறந்து, அரசவையில் இளவரசரின் தோழராய் வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, மறவ நாட்டு ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் தலைகொடுத்தார். அவரே நம் புனித அருளானந்தர்.

நிலம் நடுங்கிய நாள்

1755 நவம்பர் முதல் நாள். அனைத்துப் புனிதர் பெருவிழா. காலைத் திருப்பலிக்கு லிஸ்பன் ஆலயங்கள் நிறைந்திருந்தன. அப்போது நிலம் நடுங்கியது. ஆலயங்கள் இடிந்து விழுந்தன. உயிர்தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள், நீர் பின்வாங்கித் தரை தெரிவதைக் கண்டனர். சிறிது நேரத்தில் ஆழிப்பேரலை எழுந்து அவர்களை வாரிச் சென்றது. பின்னர் தீ பல நாள் எரிந்தது. மாண்டவர் பல்லாயிரவர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலையை நினைவில் சுமக்கும் நாகைக் கரையோரக் குடும்பங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இது கடவுளின் தண்டனை என்று போதித்தவர் பலர். ஆட்சிப் பொறுப்பிலிருந்த பொம்பால் பிரபுவோ நாட்டின் ஒவ்வொரு பங்குக்கும் வினாத்தாள் அனுப்பினார். நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் உயர்ந்ததா, தாழ்ந்ததா? எத்தனை பேர் இறந்தனர்? பங்குக் குருக்கள் விடை எழுதி அனுப்பினர். அவ்விடைகள் இன்றும் காக்கப்படுகின்றன; நிலநடுக்க ஆய்வாளர் அவற்றைப் பயன்படுத்துகின்றனர். புதிய வீடுகளின் சுவருக்குள் மரச்சட்டக் கூடு அமைத்தனர். அதன் மாதிரியைச் சுற்றிப் படைவீரரை மிதித்து நடக்கச் செய்து, அது தாங்குமா என்று சோதித்தனர். ஆனால் அதே பொம்பால் இரக்கமற்றவராகவும் விளங்கினார். 1759-இல் சேசு சபையினரை நாட்டைவிட்டு வெளியேற்றினார். நன்மையும் தீமையும் ஒரே மனிதரிடம் கலந்திருக்கக் கூடும் என்பதையும் பிள்ளைகள் இங்கே கற்கலாம்.

துப்பாக்கியில் மலர்

1917-இல் பாத்திமா சிற்றூரில் ஆடு மேய்த்த மூன்று சிறுவர்களின் கதையை நம் பிள்ளைகள் அறிவர். அவர்களுள் பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் 2017 மே 13-ஆம் நாள் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். அதன்பின் அந்நாடு நெடுங்காலம் சர்வாதிகாரத்தின் கீழ் வாடியது. சலசார் 1932 முதல் 1968 வரை ஆட்சியை நடத்தினார். 1961 டிசம்பர் 19-இல் கோவா விடுதலை பெற்றது. ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலோ போர் நீண்டது. அப்போரில் சலித்த படைவீரர்களே 1974 ஏப்ரல் 25-ஆம் நாள் எழுந்து அவ்வாட்சியை வீழ்த்தினர். மக்கள் வீரர்களின் துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் மலர்களைச் செருகினர். அடுத்த ஆண்டு அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன.

இவ்வளவையும் ஒரே நாளில் ஊட்டிவிட வேண்டாம். ஒரு மாலையில் மிளகாய், மறு மாலையில் தக்கை மரம், வேறொரு மாலையில் லாகோஸ் துறைமுகம் எனப் பகிர்ந்தளியுங்கள். ஒவ்வொரு நாளும் இறுதியில் பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். விடை தெரியாவிடில் மறுநாள் இருவரும் தேடுங்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டி, சொல்லிய ஊருக்கெல்லாம் புள்ளி வைக்கச் செய்யுங்கள்.

மாதம் முடிந்தபின், அடுத்த விடுமுறைக்கு வேறோர் ஐரோப்பிய நாட்டைத் தேட வேண்டாம். அங்கோலாவையோ பிரேசிலையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் மக்கள் போர்த்துக்கீசிய மொழியிலேயே செபிக்கின்றனர். கப்பலை ஓட்டியவர்களின் வரலாற்றைக் கேட்ட நம் பிள்ளைகள், அக்கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் வரலாற்றையும் கேட்கட்டும்.